அடுக்கு தாண்டி ஆப்ஜெக்ட்டை எட்டுவது: என்எஸ்-3 செய்முறை

என்எஸ்-3 சிமுலேட்டரில் சொந்தமாக ஒரு ரூட்டிங் புரோட்டோகால் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து நோடிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானால், இணைப்பு அறுவதற்கு முன்பே வேறு வழி தேட வேண்டும் என்பது உங்கள் திட்டம். சிக்னல் வலிமை ஃபிசிக்கல் அடுக்குக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதுவதோ நெட்வொர்க் அடுக்கில். கையில் இருப்பது ஐபிவி4 பாயின்டர் ஒன்றுதான். அங்கிருந்து வைஃபை ஃபிசிக்கல் ஆப்ஜெக்ட்டுக்கு எப்படிப் போவது? போகத்தான் வேண்டுமா, அதுவே வந்து சொல்லும்படி செய்ய முடியாதா?

இந்த அத்தியாயம் இந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறது. சி++ அடிப்படையும், என்எஸ்-3இன் பயிற்சி நிரல்களில் ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்த அனுபவமும் இருந்தால் போதும். கிளாஸ், ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தந்திருக்கிறேன். நிரலில் தட்டும்போது என்எஸ்-3 ஆவணத்தில் உள்ள எழுத்தமைப்பை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உட்பட, அப்படியே பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் மூன்று ஏற்பாடுகள்

1. உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். என்எஸ்-3இன் முதல் வெளியீடு 2008இல் வந்தது. அதன் பிறகு வைஃபை பகுதி பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. பழைய ஆய்வுக் கட்டுரைகளின் நிரலில் காணும் ரெகுலர்வைஃபைமேக் கிளாஸ் இப்போது இல்லை. அதன் வேலை வைஃபைமேக் கிளாஸிலேயே சேர்ந்துவிட்டது. 2022இல் வந்த 3.36 பதிப்பில் கட்டுமானக் கருவியே வாஃபிலிருந்து சிமேக்குக்கு மாறியது. எங்கிருந்தாவது எடுத்த நிரல் கம்பைல் ஆகவில்லை என்றால், உங்கள் தவறைத் தேடுவதற்கு முன் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

2. டீபக் புரொஃபைலில் கட்டுங்கள். வெற்றுப் பாயின்டரைத் தொட்டால் டீபக் கட்டுமானம் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று சொல்லி நிற்கும். ஆப்டிமைஸ்டு கட்டுமானத்தில் அந்தச் சோதனைகள் நீக்கப்பட்டிருக்கும். அங்கே உங்களுக்குக் கிடைப்பது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற ஒற்றை வரிதான். முடிவுகளை எடுக்கும் நீண்ட ஓட்டங்களுக்கு மட்டும் ஆப்டிமைஸ்டுக்கு மாறுங்கள்.

3. டாக்ஸிஜன் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளாஸின் பக்கத்திலும் அதன் கான்ஃபிக் பாதைகள், ஆட்ரிபியூட்டுகள், டிரேஸ் சோர்ஸ்கள் ஆகிய மூன்று பட்டியல்கள் இருக்கும். இந்த அத்தியாயத்தில் பாதி வேலை அந்தப் பட்டியல்களைப் படிப்பதுதான்.

முதல் கேள்வி: அது எப்படி ஒட்டியிருக்கிறது?

பெரும்பாலானவர்கள் 'எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்' என்று தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, தேடும் ஆப்ஜெக்ட் நோடோடு எந்த விதத்தில் இணைந்திருக்கிறது என்பதுதான். என்எஸ்-3இல் நான்கு விதங்கள் உண்டு. விதம் தெரிந்தால் ஃபங்ஷன் தானாகத் தெரியும்.

*நோடோடு அக்ரிகேட் ஆனவை (ஒரே தொகுப்பாகப் பிணைக்கப்பட்டவை).* ஐபிவி4, டிசிபிஎல்4புரோட்டோகால், யுடிபிஎல்4புரோட்டோகால், ஏஆர்பிஎல்3புரோட்டோகால், டிராஃபிக்கன்ட்ரோல்லேயர், மொபிலிட்டிமாடல், எனர்ஜிசோர்ஸ்கன்டெய்னர் ஆகியவை இந்த வகை. இவற்றை கெட்ஆப்ஜெக்ட் என்ற டெம்பிளேட் ஃபங்ஷனால் பெறலாம். உறவு இருபக்கமும் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். நோடிடம் ஐபிவி4 கேட்கலாம். ஐபிவி4இடம் நோடையும் கேட்கலாம், மொபிலிட்டிமாடலையும் கேட்கலாம்.

*பட்டியலில் இருப்பவை.* நெட்டிவைஸ்களும் அப்ளிகேஷன்களும் நோடுக்குள் இரண்டு தனிப் பட்டியல்களாக இருக்கின்றன. ஒரு நோடில் மூன்று வைஃபை கார்டுகள் இருக்கலாம். ஆனால் அக்ரிகேட்டில் ஒரு வகைக்கு ஒன்றுதான் அனுமதி. இரண்டாவதைச் சேர்த்தால் புரோகிராம் பிழை சொல்லி நிற்கும். அதனால்தான் இவற்றுக்குப் பட்டியல்.

*உறுப்பாக வைத்திருப்பவை.* வைஃபைநெட்டிவைஸுக்குள் இருக்கும் மேக், ஃபிசிக்கல் ஆப்ஜெக்ட்டுகளும் ரிமோட்ஸ்டேஷன்மேனேஜரும் இப்படிப்பட்டவை. கெட்மேக், கெட்ஃபை என்று அவற்றுக்கென்றே உள்ள ஃபங்ஷன்கள் வழியாகத்தான் போக முடியும்.

*பிறகு பிறப்பவை.* டிசிபி சாக்கெட்டுகள் முக்கியமான உதாரணம். அப்ளிகேஷன் தொடங்கும்வரை அவை இல்லவே இல்லை.

ஒரே வீட்டில் குடியிருந்தாலும் ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்கள் வேறு, வாடகைக்கு இருப்பவர்கள் வேறு. கெட்ஆப்ஜெக்ட் அட்டையை மட்டும்தான் பார்க்கும். இந்தத் துறையில் நான் அதிகம் பார்த்த பிழை, நோடிடம் கெட்ஆப்ஜெக்ட் மூலம் வைஃபைநெட்டிவைஸைக் கேட்பது. அது எந்தப் பிழையும் சொல்லாமல் வெற்றுப் பாயின்டரைத் திருப்பித் தரும். அடுத்த வரியில் அதைத் தொடும்போதுதான் விபத்து நடக்கும். டிவைஸ் நோடின் அக்ரிகேட்டில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

மேலிருந்து கீழே

நெட்வொர்க் அடுக்கில் உள்ள உங்கள் ரூட்டிங் கிளாஸிலிருந்து வைஃபை ஃபிசிக்கல் அடுக்குக்குப் போகும் வரிசை இது.

1. செட்ஐபிவி4 ஃபங்ஷன் வழியாக உங்களுக்குத் தரப்படும் ஐபிவி4 பாயின்டரை உறுப்பாகச் சேமித்து வையுங்கள். எல்லா ரூட்டிங் கிளாஸ்களுக்கும் இந்த ஃபங்ஷன் உண்டு.

2. எந்த இன்டர்ஃபேஸ் என்று முடிவு செய்யுங்கள். முகவரி தெரிந்தால் கெட்இன்டர்ஃபேஸ்ஃபார்அட்ரஸ் அதன் எண்ணைத் தரும். பொருத்தமானது இல்லையென்றால் -1 வரும். அதனால் விடையைக் குறியுள்ள முழு எண்ணில் வாங்கிச் சோதியுங்கள். குறியில்லாத எண்ணில் வாங்கினால் -1 ஒரு பிரம்மாண்டமான எண்ணாக மாறி, சோதனையைத் தாண்டிப் போய்விடும்.

3. அந்த எண்ணை ஐபிவி4இன் கெட்நெட்டிவைஸ் ஃபங்ஷனிடம் கொடுங்கள். பொதுவான நெட்டிவைஸ் பாயின்டர் கிடைக்கும்.

4. டைனமிக்காஸ்ட் மூலம் அதை வைஃபைநெட்டிவைஸ் ஆக மாற்றுங்கள். உடனே வெற்றா என்று பாருங்கள். லூப்பேக் டிவைஸும் இதே வழியில்தான் வரும், அது வைஃபை அல்ல. நாளை யாரேனும் உங்கள் புரோட்டோகாலை சிஎஸ்எம்ஏ இணைப்பில் ஓட்டினாலும் இந்தச் சோதனை காப்பாற்றும்.

5. கெட்ஃபை கூப்பிட்டு வைஃபைஃபை பாயின்டரைப் பெறுங்கள். மேக் வேண்டுமென்றால் கெட்மேக்.

6. இங்கேயே நில்லுங்கள். வைஃபைஃபையை யான்ஸ்வைஃபைஃபை ஆக மேலும் மாற்ற வேண்டிய தேவை அபூர்வம். டிரான்ஸ்மிட் பவர், சேனல் எண், அலைவரிசை எல்லாம் அடிப்படைக் கிளாஸிலேயே கிடைக்கும். குறிப்பிட்ட வாரிசுக்கு இறங்கினால், நாளை ஸ்பெக்ட்ரம் மாடலுக்கு மாறும்போது உங்கள் நிரல் ஓடாது.

அப்ளிகேஷனிலிருந்து புறப்பட்டால் கெட்நோட் கூப்பிட்டு, நோடிடம் கெட்ஆப்ஜெக்ட் மூலம் ஐபிவி4 வாங்கி, இரண்டாவது படியில் சேர்ந்துகொள்ளுங்கள். முதன்மை நிரலிலிருந்து என்றால் நோட்கன்டெய்னரோ நோட்லிஸ்ட்டோ நோடைத் தரும்.

கீழிருந்து மேலே வருவது எளிது. டிவைஸின் கெட்நோட் நோடைத் தரும். நோடிடம் கெட்ஆப்ஜெக்ட் கேட்டால் மேலடுக்குகள் எல்லாம் கிடைக்கும். டிவைஸிலிருந்து அதன் ஐபி முகவரிக்குப் போக ஐபிவி4இன் கெட்இன்டர்ஃபேஸ்ஃபார்டிவைஸ், பிறகு கெட்அட்ரஸ்.

எண் பொறி

டிவைஸ் எண்ணும் ஐபி இன்டர்ஃபேஸ் எண்ணும் ஒன்றல்ல. ஐபிவி4இல் 0 எப்போதும் லூப்பேக். நோடின் டிவைஸ் பட்டியலில் லூப்பேக் எங்கே இருக்கும் என்பது நீங்கள் எழுதிய வரிசையைப் பொறுத்தது. முதலில் வைஃபை டிவைஸை நிறுவி, பிறகு இன்டர்நெட் ஸ்டாக்கை நிறுவினால் வைஃபை 0, லூப்பேக் 1. வரிசையை மாற்றினால் லூப்பேக் 0 ஆகிவிடும். ஸ்டாக்கை நிறுவும் வரியை நான்கு வரி மேலே நகர்த்தியதும் ஆய்வின் எண்கள் எல்லாம் மாறியது ஏன் என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

குறிப்பு: நிரலில் எங்கும் 'டிவைஸ் 0' என்று நேராக எழுதாதீர்கள். பட்டியலைச் சுற்றிவந்து, வைஃபைநெட்டிவைஸ் ஆக மாறுவது எது என்று பார்த்து எடுங்கள்.

ரூட்டிங் புரோட்டோகாலைத் தேடும்போது

ஐபிவி4இன் கெட்ரூட்டிங்புரோட்டோகால் தருவது உங்கள் புரோட்டோகாலாக இல்லாமல் ஐபிவி4லிஸ்ட்ரூட்டிங் ஆக இருக்கலாம். அது பல புரோட்டோகால்களை முன்னுரிமைப்படி அடுக்கி வைத்திருக்கும் உறை. நேராக ஓஎல்எஸ்ஆர் ஆக மாற்றப் பார்த்தால் வெற்றுதான் வரும். ஐபிவி4ரூட்டிங்ஹெல்பரில் உள்ள கெட்ரூட்டிங் என்ற டெம்பிளேட் ஃபங்ஷன் உறைக்குள்ளும் தேடித் தரும், அதைப் பயன்படுத்துங்கள். ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர் இரண்டையும் அவற்றின் ஹெல்பர்கள் நோடோடு அக்ரிகேட் செய்துவிடுகின்றன. ஆகவே அவற்றை நோடிடமே கெட்ஆப்ஜெக்ட் மூலம் கேட்கலாம்.

இன்னும் பிறக்காத சாக்கெட்

டிசிபியின் கன்ஜெஷன் விண்டோவை வரைபடமாக்க வேண்டும். கான்ஃபிக் பாதை தெரியும்: நோட்லிஸ்ட், நோடு எண், டிசிபிஎல்4புரோட்டோகால், சாக்கெட்லிஸ்ட், சாக்கெட் எண், கன்ஜெஷன்விண்டோ. சிமுலேட்டர் ரன் வரிக்கு முன்னால் கான்ஃபிக் கனெக்ட் எழுதுகிறீர்கள். புதிய பதிப்புகளில் புரோகிராம் பிழை சொல்லி நிற்கும். பழைய பதிப்புகளில் ஒன்றும் சொல்லாது, கோப்பு காலியாகவே இருக்கும்.

பல்க்சென்ட் போன்ற அப்ளிகேஷன்கள் தங்கள் தொடக்க நேரம் வரும்போதுதான் சாக்கெட்டை உருவாக்குகின்றன. நீங்கள் இணைக்க முயன்ற நேரத்தில் அந்தப் பட்டியல் காலி. அப்ளிகேஷனின் கெட்சாக்கெட்டைக் கூப்பிட்டாலும் அப்போது வெற்றுதான். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, இணைப்பைத் தள்ளிப்போடுவது:

1. கனெக்ட் செய்யும் வரியை ஒரு தனி ஃபங்ஷனில் வையுங்கள்.
2. அப்ளிகேஷன் 1 விநாடியில் தொடங்கினால், அந்த ஃபங்ஷனை 1.001 விநாடிக்கு சிமுலேட்டர் ஷெட்யூல் செய்யுங்கள். சரியாக 1 விநாடி என்று வைக்காதீர்கள். ஒரே நேரத்து நிகழ்வுகள் பதிவான வரிசைப்படி நடக்கும், அந்த வரிசை உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்ற உறுதி இல்லை.
3. பெறும் பக்கத்து நோடில் சாக்கெட் 0 காதுகொடுத்துக் காத்திருக்கும் சாக்கெட். இணைப்பு ஏற்பட்டபின் பிரிந்து வருவது 1. டேட்டா வருவது அதில்தான்.

இரண்டாவது வழி, சாக்கெட்டை நீங்களே முன்கூட்டி உருவாக்கி, டிரேஸை இணைத்து, பிறகு உங்கள் அப்ளிகேஷனிடம் கொடுப்பது. பயிற்சி நிரல்களில் ஐந்தாவது இதற்காகவே எழுதப்பட்டது. சொந்த அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்கு இதுவே நல்லது என்பது என் கருத்து. நேரத்தைக் கணக்கிட்டுப் பிடிக்கும் சிக்கலே இல்லாமல் போகிறது.

இதே காலக்கணக்கு உங்கள் சொந்தக் கிளாஸ்களுக்கும் உண்டு. கன்ஸ்ட்ரக்டருக்குள் கெட்ஆப்ஜெக்ட் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் ஆப்ஜெக்ட் எதனோடும் அக்ரிகேட் ஆகியிருக்காது. தேடலை டூஇனிஷியலைஸ் ஃபங்ஷனில் வையுங்கள். அது ஓட்டத்தின் தொடக்கத்தில், எல்லாம் நிறுவப்பட்ட பிறகு அழைக்கப்படும். அதற்கும் முன்பே வேண்டுமென்றால் நோட்டிஃபைநியூஅக்ரிகேட்டை எழுதுங்கள். புதிதாக ஒன்று சேரும்போதெல்லாம் அது அழைக்கப்படும். டிசிபிஎல்4புரோட்டோகால் தன் நோடைக் கண்டுபிடிப்பது அப்படித்தான். இரண்டிலுமே தாய்க் கிளாஸின் அதே ஃபங்ஷனையும் அழைக்க மறக்காதீர்கள்.

போய்க் கேட்பதா, சொல்ல வைப்பதா?

இப்போது ஆரம்பத்துக் கேள்விக்கு வருவோம். ஃபிசிக்கல் ஆப்ஜெக்ட் கையில் கிடைத்துவிட்டது. 'கடைசியாக வந்த சிக்னல் வலிமை என்ன' என்று அதனிடம் எப்படிக் கேட்பது? அந்தக் கேள்வியே சரியில்லை. வலிமை என்பது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நீங்கள் கேட்கும் கணத்தில் கடைசியாக வந்தது யாருடைய பாக்கெட் என்று உங்களுக்குத் தெரியாது.

நிலையாக இருப்பதை, அதாவது முகவரி, சேனல் எண், நோடின் இருப்பிடம், பேட்டரியில் மிச்சமுள்ள ஆற்றல் போன்றவற்றைப் போய்க் கேளுங்கள். நிகழ்ந்து மறைவதை டிரேஸ் சோர்ஸ் மூலம் சொல்ல வையுங்கள். சிக்னல் வலிமைக்கு வைஃபைஃபையின் மானிட்டர்ஸ்னிஃபர்ஆர்எக்ஸ் என்ற டிரேஸ் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டோடும் சிக்னல், நாய்ஸ் இரண்டையும் டிபிஎம் அளவில் தருகிறது. பாக்கெட்டின் மேக் ஹெடரில் இரண்டாவது முகவரி அனுப்பியவருடையது. இரண்டையும் சேர்த்து ஒரு மேப்பில் போட்டுக்கொண்டால், எந்தப் பக்கத்து நோடின் சிக்னல் எவ்வளவு என்ற அட்டவணை உங்களிடம் இருக்கும். பிறருக்குப் போகும் பாக்கெட்டுகளையும் இந்த டிரேஸ் கேட்கும். தேவையில்லாததை முதல் முகவரி பார்த்துத் தள்ளிவிடுங்கள். ஏசிகே போன்ற சிறிய ஃபிரேம்களில் இரண்டாவது முகவரி இருக்காது, அவற்றையும் விலக்குங்கள்.

டிரேஸை இணைக்கும்போது வழுக்கும் இடங்கள்:

- உங்கள் ஃபங்ஷனின் அளபுருக்கள் டிரேஸின் வடிவத்தோடு வகைக்கு வகை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டாலும் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போதுதான் நிற்கும். டாக்ஸிஜனில் அந்த டிரேஸின் கால்பேக் வடிவத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.
- டிரேஸ்கனெக்ட்வித்தவுட்கான்டெக்ஸ்ட் ஆம், இல்லை என்று ஒரு விடை தருகிறது. பெயரில் ஓர் எழுத்து தவறினால் 'இல்லை' என்பதோடு சரி. அந்த விடையைக் கட்டாயம் சோதியுங்கள்.
- பல டிவைஸ்களை ஒரே ஃபங்ஷனோடு இணைத்தால், யாரிடமிருந்து வந்தது என்று அறிய மேக்பவுண்ட்கால்பேக் மூலம் நோடு எண்ணை முதல் அளபுருவாகக் கட்டி அனுப்புங்கள்.

முழு உதாரணம்: ஏஓடிவி எப்படிச் செய்கிறது

என்எஸ்-3க்குள்ளேயே இதற்கு அருமையான பாடம் இருக்கிறது. ஏஓடிவி மாட்யூலின் ரூட்டிங் புரோட்டோகால் கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படியுங்கள்.

தேவை என்ன? 2003இல் வந்த ஆர்எஃப்சி 3561, பக்கத்து நோடு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஹலோ செய்திகளை அனுமதிக்கிறது. இயல்பான இடைவெளி 1 விநாடி, பொறுத்துக்கொள்ளும் இழப்பு 2. அப்படியானால் இணைப்பு அறுந்தது தெரிய ஏறக்குறைய 2 விநாடி ஆகும். மேக் அடுக்கோ மறுமுயற்சிகள் தீர்ந்த உடனே, மில்லிசெகண்டுக் கணக்கில் தெரிந்துகொள்கிறது. அந்தச் செய்தியை மேலே கொண்டுவந்தால் பெரிய லாபம். ஆர்எஃப்சியும் இந்த லிங்க் அடுக்கு அறிவிப்பை ஏற்கிறது.

அது செய்பவை:

1. இன்டர்ஃபேஸ் எழுந்ததும் ஐபிவி4 ரூட்டிங் கிளாஸின் நோட்டிஃபைஇன்டர்ஃபேஸ்அப்பை அழைக்கிறது. தேடல் தொடங்குவது இங்கேதான். டிவைஸ் இருக்கிறது, முகவரி இருக்கிறது, எதுவும் பிறக்காமல் இல்லை.

2. இன்டர்ஃபேஸிலிருந்து நெட்டிவைஸ், அதிலிருந்து வைஃபைநெட்டிவைஸ். வெற்று என்றால் அமைதியாகத் திரும்பிவிடுகிறது. வைஃபை இல்லாத இணைப்பிலும் ஏஓடிவி ஓடுவது இந்த ஒரு சோதனையால்தான்.

3. கெட்மேக். இங்கும் வெற்றுச் சோதனை.

4. மேக்கின் டிராப்டுஎம்பிடியு டிரேஸில் தன் ஃபங்ஷனை இணைக்கிறது. பழைய பதிப்புகளில் டிஎக்ஸ்எர்ஹெடர் என்ற டிரேஸ் இந்த இடத்தில் இருந்தது.

5. அந்த இன்டர்ஃபேஸின் ஏஆர்பி கேஷை வாங்கிப் பக்கத்து நோடுகளின் பட்டியலிடம் ஒப்படைக்கிறது.

ஐந்தாவது படியில் நின்று யோசியுங்கள். மேக் அடுக்கு சொல்லும் செய்தியில் இருப்பது மேக் முகவரி. ரூட்டிங் அட்டவணையில் இருப்பது ஐபி முகவரி. இரண்டையும் இணைக்கும் ஒரே இடம் ஏஆர்பி கேஷ். அடுக்கு தாண்டும் வேலையில் பாயின்டர் கிடைப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. ஓர் அடுக்கின் அடையாளத்தை இன்னொன்றின் அடையாளமாக மாற்றுவது மறுபாதி. சிக்னல் வலிமை அட்டவணையை மேக் முகவரியில் வைத்திருக்கும் நீங்களும் இதே பாலத்தைத்தான் கடக்க வேண்டும்.

செய்தி வந்ததும் நடப்பது: ஹெடரின் முதல் முகவரியை எடுத்து, அந்த மேக் முகவரிக்குரிய பக்கத்து நோடைப் பட்டியலில் தேடி, மூடப்பட்டதாகக் குறித்து நீக்குகிறது. நீக்கப்படும்போது அறுந்த வழியைக் குறித்த ஆர்இஆர்ஆர் செய்தி புறப்படுகிறது. இன்டர்ஃபேஸ் இறங்கும்போது டிரேஸ் இணைப்பையும் ஏஆர்பி கேஷையும் கழற்றிவிடுகிறது. மாட்டியதைக் கழற்றும் இந்தப் பழக்கத்தை நீங்களும் கைக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து எடுத்து உங்கள் நிரலில் போடும்போது ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். டிராப்டுஎம்பிடியு டிரேஸ், எம்பிடியு (மேக் அடுக்கு அனுப்பும் ஃபிரேம்) கைவிடப்பட்ட காரணத்தையும் சேர்த்துத் தருகிறது. மறுமுயற்சி வரம்பு தீர்ந்தது ஒரு காரணம். வரிசையில் இடமில்லாமல் போனது, வரிசையிலேயே ஆயுள் முடிந்தது போன்றவை வேறு காரணங்கள். பின்னவை நெரிசலின் அடையாளம், இணைப்பு அறுந்ததன் அடையாளம் அல்ல. எல்லாவற்றையும் இணைப்பு முறிவாக எடுத்துக்கொண்டால், சுமை கூடும்போது நன்றாக இருக்கும் வழிகளையும் வெட்டிவிட்டு, புது வழி தேடும் செய்திகளால் சுமையை இன்னும் கூட்டுவீர்கள். மறுமுயற்சி வரம்பு தீர்ந்த நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டோடு சேர்த்து அனுப்புவது

செய்தி குறிப்பிட்ட ஒரு பாக்கெட்டைப் பற்றியது என்றால் டேக் பொருத்தமானது. டேக் என்ற கிளாஸிலிருந்து வாரிசு எடுத்து, டைப்ஐடி, அளவு, எழுதுதல், படித்தல், அச்சிடுதல் ஃபங்ஷன்களை நிரப்புங்கள். ஆட்பாக்கெட்டேக் மூலம் ஓர் அடுக்கில் மாட்டி, பீக்பாக்கெட்டேக் மூலம் இன்னொன்றில் படியுங்கள். ஒரே வகை டேக்கை இருமுறை மாட்டினால் பிழை வரும். ஏற்கெனவே இருக்கலாம் என்றால் ரிப்ளேஸ்பாக்கெட்டேக்.

டிசிபி பைட்டுகளை வெட்டி ஒட்டி அனுப்புவதால் பாக்கெட் டேக் அதைத் தாண்டிப் பிழைக்கும் என்று நம்பாதீர்கள். பைட்டுகளோடு ஒட்டிப் போவது பைட் டேக்.

எச்சரிக்கை: டேக் காற்றில் இடம் பிடிப்பதில்லை. ஆனாலும் அடுத்த நோடுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உண்மையான வானொலியில் அந்தச் செய்தியை அனுப்பப் பைட்டுகள் செலவாகும். ஒரே நோடுக்குள் அடுக்குகளுக்கிடையே மட்டும் டேக்கைப் பயன்படுத்துங்கள். நோடு தாண்ட வேண்டிய செய்திக்கு ஹெடர் எழுதுங்கள்.

பாதுகாப்பு விதிகள்

*நோடு தாண்டாதீர்கள்.* நோட்லிஸ்ட் எந்த நோடின் எந்த ஆப்ஜெக்ட்டையும் தரும். உங்கள் புரோட்டோகால் பக்கத்து நோடின் பேட்டரியையோ இருப்பிடத்தையோ நேராகப் படித்தால், கம்பைலர் தடுக்காது. ஆனால் நிஜ உலகில் எந்த ரவுட்டராலும் செய்ய முடியாததை உங்கள் ரவுட்டர் செய்கிறது, முடிவுகள் செல்லாது. என்எஸ்-2இல் எல்லாம் அறிந்த ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு காட் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சிமுலேஷனில் பங்கேற்கும் நோடுகளுக்கு அதன் தகவல் தெரியக்கூடாது என்பதே அதன் விதி. அளவெடுக்கும் நிரல் எல்லாவற்றையும் பார்க்கலாம். அளக்கப்படும் புரோட்டோகால் தன் நோடுக்குள் உள்ளதைத்தான் பார்க்கலாம்.

*சொந்தக் கிளாஸுக்கு கெட்டைப்ஐடி கட்டாயம்.* அதை எழுத மறந்தால் தாய்க் கிளாஸினுடையது பரம்பரையாக வந்துவிடும். பிறகு உங்கள் கிளாஸின் பெயரில் கெட்ஆப்ஜெக்ட் கேட்டால், தாய் வகையில் பொருந்தும் வேறோர் ஆப்ஜெக்ட்டை எடுத்து, உங்கள் கிளாஸ் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடக்கூடும். வெற்றுப் பாயின்டரை விட இது மோசம். புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும், எண்கள் மட்டும் தவறாக இருக்கும். செட்பேரன்ட் வரியில் சரியான தாயை எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

*வட்டத்தை உடையுங்கள்.* பிடிஆர் என்ற ஸ்மார்ட் பாயின்டர் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஒருவரும் இல்லாதபோது அழிக்கும். உங்கள் ஆப்ஜெக்ட் மேக்கைப் பிடித்திருக்க, மேக்கின் கால்பேக் உங்களைப் பிடித்திருந்தால் இருவரும் அழியமாட்டீர்கள். டூடிஸ்போஸில் எல்லா பிடிஆர் உறுப்புகளையும் வெற்றாக்கி, கடைசி வரியில் தாயின் டூடிஸ்போஸை அழையுங்கள். வால்கிரைண்டில் ஒருமுறை ஓட்டினால் மிச்சம் தெரியும்.

*மாட்யூல் சார்புகளைக் கவனியுங்கள்.* ஏஓடிவி மாட்யூல் இன்டர்நெட்டையும் வைஃபையையும் தன் சிமேக் கோப்பில் சார்புகளாக அறிவித்திருக்கிறது. அதனால் இரண்டின் ஹெடர் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ள முடிகிறது. வைஃபை மாட்யூலைத் திருத்தி அதிலிருந்து ஏஓடிவியை அழைக்கப் பார்த்தால் சார்பு வட்டமாகிவிடும், கட்டவே முடியாது. மேலிருப்பவர் கீழிருப்பவரை அறியலாம். கீழிருப்பவர் டிரேஸ் வழியாகக் குரல் கொடுத்தால் போதும், யார் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வேண்டிய டிரேஸே இல்லையென்றால், கீழ்க் கிளாஸில் புதிதாக ஒரு டிரேஸ் சோர்ஸைச் சேருங்கள். பிரைவேட் உறுப்பைப் பப்ளிக்காக மாற்றும் குறுக்குவழியை விட இது பாதுகாப்பானது, அடுத்த பதிப்புக்கு மாறும்போது எடுத்துச் செல்வதும் எளிது.

சரியான ஆப்ஜெக்ட்டா என்று உறுதி செய்தல்

பாயின்டர் வெற்றில்லை என்பது அது நீங்கள் தேடியதுதான் என்பதற்குச் சான்றல்ல. நீண்ட ஓட்டத்துக்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. கிடைத்த ஆப்ஜெக்ட்டிடம் கெட்இன்ஸ்டன்ஸ்டைப்ஐடி கேட்டு, அதன் பெயரை அச்சிடுங்கள். உண்மையான வாரிசின் பெயர் தெரியும்.

2. டிவைஸின் நோடு எண், மேக் முகவரி, அதற்குரிய ஐபி முகவரி மூன்றையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். நோடுக்கு நோடு மாறுகிறதா என்று பாருங்கள். எல்லா வரியிலும் ஒரே மேக் முகவரி வந்தால் ஏதோ ஒரு பாயின்டரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள்.

3. இரண்டே நோடுகள், நகராத இருப்பிடம் என்று சிறிய சூழலை அமையுங்கள். தூரத்தை இரண்டு மடங்காக்கி, உங்கள் அட்டவணையில் சிக்னல் இறங்குகிறதா என்று பாருங்கள். லாக்டிஸ்டன்ஸ் மாடலின் இயல்பான அடுக்குக்குறி 3. அப்படியானால் இறக்கம் ஏறக்குறைய 9 டிபி இருக்க வேண்டும்.

4. ஓட்டத்தின் நடுவில் ஒரு நோடைத் தொலைவுக்கு நகர்த்துங்கள். மறுமுயற்சி வரம்பு தீர்ந்த செய்தி உங்கள் ஃபங்ஷனுக்கு வருகிறதா, அதில் உள்ள மேக் முகவரி சரியான ஐபி முகவரியாக மாறுகிறதா என்று என்எஸ்_லாக் வரிகளில் பாருங்கள். ஏஆர்பி பதிவின் ஆயுள் முடிந்திருந்தால் மாற்றம் தோற்கும். அந்த நிலையில் என்ன செய்வது என்பதற்கும் உங்கள் நிரலில் ஒரு கிளை எழுதியிருக்க வேண்டும்.